குழாயில் நின்ற சத்தம்

நல்லுச்சாமியைக் குழந்தைவேலு கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாதிப் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, வாழைத் தோட்டத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். நாலு எட்டு வைத்ததும் மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், அவன் முழங்காலை எடுத்துக்கொண்டது, ஏழாவது எட்டில் இடுப்பை எடுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு வெள்ளைத் துண்டு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக நடந்துபோய் அதுவும் இல்லாமல் போனது. அப்போது மாலை நாலு மணிகூட ஆகவில்லை. நல்லுச்சாமி குழந்தைவேலுவின் தங்கை பூவாயியின் புருஷன். மூன்று நாளாக ஒரு பன்றி வந்து வாழைக் கன்றுகளைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனதால், கீழே சுற்றிப்போய் அதை விரட்டுவது தங்கை புருஷன் வேலையென்றும், பயிர்க்காவல் லைசென்ஸில் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு மேட்டுப் பாறையில் குந்தியிருந்து சுடுவது அண்ணன் வேலையென்றும் இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழுபாறை ஊரில் மஞ்சு இறங்கிய நேரத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடுவதில்லை. ஊரைச் சுற்றி நிற்கிற ஏழு பாறைகளும் மனுஷக் குரலை வாங்கி ஏழு திசையிலிருந்து திருப்பிச் சொல்லும், கேட்டவன் பொய்க்குரலின் பின்னால் போய்ப் பள்ளத்தில் விழுவான், விழுந்தவர்கள் பேரெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் மஞ்சுக்குள் போகிறவன் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தகரத்தின் சத்தம் தட்டையானது, பாறைகள் அதை மதித்துப் பதில் சொல்வதில்லை. தகரம் கேட்கிற இடத்தில் ஆள், சருகு மட்டும் கேட்கிற இடத்தில் பன்றி, இதைத்தான் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தார்கள்.

வலப்பக்கம் கீழே சருகு நொறுங்கியது. தகரம் கேட்கவில்லை. குழந்தைவேலு சுட்டான்.

தோளில் உதை விழுந்தது, புகை வந்தது, மருந்து நெடி வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மின்னலைப் பார்த்தவன் இடிக்குக் காத்திருப்பதுபோல அவன் காத்திருந்தான். ஒரு வாழை இலை தண்ணீர் சொட்டியதைக் கேட்டான், கீழ்ரோட்டில் கடைசிப் பஸ் திரும்புவதைக் கேட்டான், தன் வெடியை மட்டும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, பாறையில் அவன் முதுகுக்குப் பின்னால், பீடி பற்றவைப்பதற்காக நல்லுச்சாமி கீழே வைத்த தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

இருட்டும்வரை தடவித் தடவித் தேடிவிட்டு, தகரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பரணில் பழைய சாக்குக்கு அடியில் அதை வைத்துவிட்டுத்தான் அவன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னான். தகரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஊரே நாலு நாள் தேடியது. வெடிச்சத்தத்துக்கு எந்தப் பாறை முதலில் பதில் சொல்கிறதோ அதை வைத்துக் குண்டு போன இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுகிறவர்கள் அவர்கள். "எந்தப் பாறை பேசுச்சு வேலு?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் பேசல," என்றான். பாறை பேசாத இடத்தை எப்படித் தேடுவது. அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

கீழேயிருந்து வந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "வெடி கேட்டவங்க யாரு?"

யாருமில்லை.

"அப்ப நீ சுடவே இல்லையேய்யா."

"சுட்டேங்க."

"உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் நான் என்னத்த எழுதறது," என்று சொல்லி, ஆள் காணவில்லை என்று மட்டும் எழுதிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஜீப்பில் ஏறினார்.

துப்பாக்கியை மடக்கித் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு, வானத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய்க்குள் பார்த்தால் மறுமுனையின் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. கறுப்புப் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது, ஆனால் குச்சியை விட்டால் குச்சி இடிக்கவில்லை, குச்சி பிடித்த கைதான் பல்வலிபோல விண்ணென்று தெறித்தது. பத்தாம் நாள் அவன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனான். அங்கே மீரான் பாய் மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தார். அவர் குழாயைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார், நாடி பார்க்கிறவர்போல.

"சத்தம் உள்ள நிக்குதுங்க," என்றார். ஆச்சரியப்படவில்லை, எத்தனையோ விதமான அடைப்புகளைப் பார்த்தவர். "ரெண்டு இருக்கு. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. ஒரே வாசல்ல ஒருத்தர் வர, ஒருத்தர் போக, நடுவுல ரெண்டு பேரும் மாட்டிக்கிட்ட மாதிரி நிக்குது."

"சின்னது என்ன சத்தம் பாய்?"

"வெளிய வந்தாத்தான் தெரியும். பன்னி கத்துனதா இருக்கும், இல்ல வேற எதுவாவது." பாய் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசை விரிப்பில் வைத்தார். "இது பித்தளைக் கம்பி, மூணு துண்டு, திருகிச் சேத்துக்கலாம். இரும்புக் கம்பி மலிவுதான், ஆனா குழாயைச் சிராய்க்கும், வேண்டாம். இது வெண்கல பிரஷ். துரு, ஈயக்கறை, சத்தம், எது இருந்தாலும் பேத்துத் தள்ளிரும். இது பன்னி மயிரு, கொஞ்சம் சாது. இது கம்பளிக் குஞ்சம், எண்ணெய் தடவ மட்டும்தான் ஆகும்."

குழந்தைவேலு வெண்கல பிரஷ்ஷை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விரிப்பில் வைத்தான்.

"எதைப் போட்டா சத்தம் வெளிய வராது?"

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பித்தளைக் கம்பியையும் கம்பளிக் குஞ்சத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அலமாரிக்குள் வைத்தார். "வாய்ப்பக்கம் ஒரு சாண், அடிப்பக்கம் ஒரு சாண், அதுக்கு மேல உள்ள போகாதீங்க. துணி பழைய நூல் சேலையா இருக்கணும், பிசிறு உதிரக் கூடாது. தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டுறாதீங்க, உங்க மலைக் குளிருக்கு உறைஞ்சு அடைச்சுக்கும்."

அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த குழந்தைவேலு, பஸ்ஸ்டாண்டு வருகிற வழியில் இரண்டு டப்பா தேங்காயெண்ணெய் வாங்கினான்.

இப்படித்தான் அந்தச் சத்தம் ஏழுபாறையில் குடியேறியது, குடியேறிய எதையும் அந்த ஊர் விரட்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் குழந்தைவேலு வீட்டுப் பக்கம் வராமல் ஓடைவழியாகச் சுற்றிப் போனார்கள். தபால்காரர் அந்த வீட்டுக்கு இருபதடி முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவதை நிறுத்திவிட்டு, யாராவது கேட்டால், குழாய்க்குள் இருப்பதும் விழித்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். புதிதாக வாத்தியார் வந்தால் ஊர் எல்லையிலேயே நிறுத்தி, தண்ணீர் எங்கே, அட்டைக்கு என்ன மருந்து, வெடி எந்த வீட்டில் நிற்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊரில் மற்ற மூன்று பேரும் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். குழந்தைவேலு கொண்டுபோனபோது, உள்ளே சத்தம் இருப்பதால் பெற்றுக்கொள்ள இயலவில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக ஒரு கான்ஸ்டபிள் அவன் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்து, தேர்தல் முடிகிறவரை மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, கிசுகிசுவென்றே பேசிவிட்டுப் போனார். எட்டுத் தேர்தல்கள் அப்படிப் போயின.

மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை துப்பாக்கி துடைக்கிற நாள். குழந்தைவேலு கோரைப்பாயை விரித்து, பித்தளைக் கம்பியில் குஞ்சத்தைத் திருகி, வாய்ப்பக்கம் ஒரு சாண், அடிப்பக்கம் ஒரு சாண் துடைத்து, தேங்காயெண்ணெயை உருக்கி ஊற்றி நிமிர்த்தி வைப்பான். கார்த்திகையிலிருந்து மாசிவரை அது குழாயின் இரண்டு வாயிலும் வெள்ளையாக உறைந்து நிற்கும், அந்த மாதங்களில்தான் அவன் கொஞ்சம் தூங்கினான். நடுக்குழாயில் துரு ஏறிக்கொண்டே போவது அவனுக்குத் தெரியும். துரு ஏறினால் ஒருநாள் குழாய் தானாகவே வெடிக்கும். துருவைச் சுரண்டினால் இன்றைக்கே வெளியே வரும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல எங்கும் போக முடியவில்லை, ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சாவுக்கு, பழனிக்கு, எதற்கும்.

பூவாயி அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ மட்டும் கிடையாது. வைக்கவும் மனசு வராமல், வேண்டாமென்று சொல்லவும் மனசு வராமல், பூக்காரியைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். முதல் வருஷங்களில் அவளே, "மெதுவாண்ணே," என்றாள். அப்புறமெல்லாம் கம்பி உள்ளே போகிற தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் வருஷம் குழந்தைவேலுவின் மனைவி காமாயி மஞ்சள்காமாலையில் இறந்தாள். அந்த வீட்டில் வாய்விட்டு அழக் கூடாதென்பதால் ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்; பறை ஓடைக்கு அந்தப் பக்கம் போனபிறகுதான் அடித்தது. அவளுடைய நூல் சேலைகளை அவன் சாண் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் துடைத்தும் தீரவில்லை, அவள் அவ்வளவு சேலை கட்டியவளும் இல்லை.

நல்லுச்சாமி போனபோது எட்டு மாதக் குழந்தையாக இருந்த தேன்மொழிக்கு மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்க வத்தலக்குண்டு அச்சாபீசுக்குப் போன பூவாயி சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற' போடவா, வேண்டாமான்னு அச்சாபீஸ்காரன் கேக்கறான்."

குழந்தைவேலு எண்ணெய் டப்பாவின் மூடியை இறுக்கினான்.

"மாப்பிள்ளை வீட்டுலயும் கேக்கறாங்க. மணவறையில அப்பா உக்கார மனை போடணுமா, படத்துக்கு மாலை போடணுமான்னு. நானும் இருபத்தோரு வருஷமா உன் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். செத்தவன் பொண்டாட்டின்னா செத்தவன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். இருக்கறவன் பொண்டாட்டின்னா போய்த் தேடறேன். ரெண்டுமில்லாம எத்தனை நாளு வாசல்லயே நிக்கறது?"

"பிரஷ் போட்டா குழாய் தாங்காது பூவாயி. துரு ஏறிக் கெடக்கு."

"அதுக்குத்தான் இத்தனை டப்பா வாங்கினியா? நீ ஊத்தின தேங்காயெண்ணெய்ல ஊருக்கே பணியாரம் சுட்டிருக்கலாம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். மீரான் பாய்க்கு இப்போது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, ஆனால் குழாயைத் தொட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அட, நீங்களா. இன்னும் அடைச்சுத்தான் வச்சிருக்கீங்களா?"

அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் தங்கை மேசைக்கு முன்னால் வந்தாள். "பாய், பேத்து எடுக்கறது எதுவோ அதைக் குடுங்க."

"வெண்கல பிரஷ்தாம்மா. துரு இளகறதுக்கு இந்தத் தைலம். ராத்திரி பூரா ஊற வைக்கணும். பின்னாலிருந்து முன்னால ஒரே மூச்சுல தள்ளணும், பாதியில இழுக்கக் கூடாது. பாதியில நின்னா பிரஷ்ஷும் உள்ள, சத்தமும் உள்ள." அவர் மூன்று பிரஷ்களை எடுத்துக் கொடுத்தார். பூவாயி ஒவ்வொன்றையும் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள், பாத்திரம் விளக்குகிற நாரைப் பார்ப்பதுபோல. மூன்றாவது அவள் தோலில் வெள்ளையாகக் கோடு போட்டது. அதை எடுத்துக்கொண்டாள்.

"நம்ம தர்கா தொப்பிவாப்பா மேல ஆணையாச் சொல்றேன்," என்றார் பாய் குழந்தைவேலுவைப் பார்த்து, "அன்னைக்கே இதைத்தான் உங்களுக்குக் குடுத்திருக்கணும். நீங்க கேட்ட முகத்தப் பாத்து எனக்கு மனசு வரல."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, வெயில் நன்றாக அடித்தது, மஞ்சு ஒரு நூல்கூட இல்லை. ஊர் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் முறையாகச் செய்தது: பிள்ளைத்தாய்ச்சிகள் இருவரைக் கீழூருக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள், மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள், ஒவ்வொரு பாறைக்கும் எதிரே இரண்டு பேர் நின்றுகொண்டார்கள், எது முதலில் பேசுகிறது என்று பார்த்துச் சொல்ல. மற்றவர்கள் குழந்தைவேலு வீட்டு முன்னால் நின்றார்கள். இருபத்தோரு வருஷமாக அந்த இடத்தில் மெதுவாகப் பேசிப் பழகியதால் கூட்டம் வண்டு மொய்ப்பதுபோல முணுமுணுத்தது.

பூவாயி துப்பாக்கியின் அடிக்கட்டையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைவேலு கம்பியைப் பின்வாயில் வைத்துத் தள்ளினான். முதலில் மஞ்சளாகத் தேங்காயெண்ணெய் வழிந்தது, அப்புறம் துருத்தண்ணீர், அப்புறம் கம்பி நின்றுவிட்டது, அவன் கை தோள்வரை தெறித்தது.

"நிக்காதண்ணே," என்றாள் பூவாயி.

அவன் கண்ணை மூடிக்கொண்டு உடம்பு முழுவதையும் வைத்துத் தள்ளினான்.

முதலில் வந்தது சின்னச் சத்தம். எல்லாரும் அலறலை எதிர்பார்த்திருந்தார்கள், அல்லது பன்றியை. அது ஒரு மனுஷக் குரல், சாதாரணமாக, பீடி வாயில் இருக்கிறபோது பேசுகிற குரல்: "மச்சான், தகரத்த மேலயே விட்டுட்டேன். எடுத்துப் போடுங்க."

அதற்குப் பிறகுதான் வெடி வந்தது.

ஏழு பாறைகளும் அதை வாங்கிப் பேசின, மரங்களிலிருந்த பறவையெல்லாம் எழுந்தது, எங்கோ மாடு கத்தியது. பிறகு எல்லாம் அடங்கிற்று. அங்கே நின்றவர்களில் நல்லுச்சாமியோடு வளர்ந்த எல்லாரும் அவனைவிட வயதானவர்களாகியிருந்தார்கள். குரலுக்கு மட்டும் அதே முப்பது வயது.

"யாரும்மா அது?" என்றாள் தேன்மொழி.

"உங்கப்பா."

கொஞ்ச நேரம் கழித்து ஓடைப்பக்கத்திலிருந்து ஒருவன் ஓடிவந்து, குரலுக்கு முதலில் பேசியது கூனிப்பாறை என்றான். கூனிப்பாறையென்றால் மேட்டுப் பாறைக்கு நேர் கீழே, வலப்பக்கம், பெரணி மூடிக் கிடந்ததால் அன்றைக்கு யாரும் இறங்கிப் பார்க்காத முப்பதடி இடுக்கு. யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் ஆண்கள் நாலு பேர் அரிவாளும் சாக்கும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்கள்.

பூவாயி துப்பாக்கியைப் பாயில் வைத்தாள். "தகரம் எங்கண்ணே?"

குழந்தைவேலு உள்ளே போய் ஏணியை எடுத்துப் பரணில் ஏறி, சாக்குக்கு அடியிலிருந்து அதை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். இருபத்தோரு வருஷமாகச் சத்தத்துக்குப் பயந்து மெதுவாக நடந்த ஊர், அந்தத் தகரத்தைப் பார்த்தபோது முதல்முறையாகக் குழந்தைவேலுவுக்குப் பயந்து ஓரடி பின்னால் போனது.

"உனக்கு அன்னைக்கு இந்தக் குரல் கேட்டுச்சா?"

அவன் இந்தக் கேள்விக்கு ஆயிரம் ராத்திரி பதில் தயாரித்து வைத்திருந்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான்.

"சருகுதான் கேட்டுச்சு. குரல் கேக்கல. குரல் கேக்கறவரைக்கும் நான் பொறுக்கல."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு, தலையை ஒரு தடவை ஆட்டினாள், புளி என்ன விலை என்று கேட்டு விலை தெரிந்துகொண்டவள்போல. பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டு மகளோடு வீட்டுக்குப் போனாள்.

கூனிப்பாறைக்கு அடியில், பெரணிப் புதருக்குள், எலும்புகளும் ஒரு பெல்ட் வளையமும் கிடைத்தன. குழந்தைவேலு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே ஸ்டேஷனுக்கு நடந்தே போய், கொன்றது நான்தான் என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், வக்கீலைக் கேட்டதில் இந்த மாதிரிக் கைப்பிசகுக்கு வழக்குப் போடுகிற காலம் என்றைக்கோ தாண்டிவிட்டது என்று சொல்லி, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். குழந்தைவேலு வாசலில் நின்று, இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க பெரியவரே என்றார்கள்.

பத்திரிகை 'காலஞ்சென்ற நல்லுச்சாமி' என்றே அச்சாகி வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பூவாயி வந்து வாசலுக்கு வெளியேயே நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம அவ மணவறை ஏற முடியாது. வேற மாமனுக்கு நான் எங்க போறது? வந்து குடுத்துட்டுப் போ."

அவன் போனான். பட்டு எடுத்து வைத்தான், மாலையை எடுத்துக் கொடுத்தான், தேன்மொழி காலில் விழுந்தபோது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான், என்ன சொன்னான் என்பது அவனுக்கே கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் இருபத்தோரு வருஷத்து அதிர்வேட்டையும் சேர்த்து வெடித்தார்கள். அதற்கப்புறம் தங்கை அவனோடு பேசவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவன் வீட்டு வழியாகவே நடந்தார்கள், தபால்காரர் செருப்போடு வந்தார், ஊர் தெருவில் நின்று சத்தம்போட்டுப் பேசியது. குழந்தைவேலு மட்டும் கிசுகிசுவென்றே பேசினான். பூட்டிவிட்டு எங்கேயும் போகலாம் என்றானபிறகும் மூன்று நாள் சேர்ந்தாற்போல எங்கும் போகவில்லை.

தகரம் பூவாயி வீட்டு நிலையில் ஆணியில் தொங்குகிறது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. அதற்கு அவர்கள் கொடுத்த ரசீது குழந்தைவேலுவிடம் இருக்கிறது: ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, குழாய் சுத்தம், உள்ளே ஒன்றுமில்லை.